ஐம்பதுக்கு மேல் ஏழு பேர்

மேலகரத்துக்கு மேற்கே இருந்த கூரை ஓட்டுக் கம்பெனியில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை உண்டு. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் அப்படி ஓர் அறை இருந்தாக வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். கம்பெனியில் ஐம்பத்தேழு பெண்கள். கதவுக்கு மேல் பச்சைப் பெயின்டில் 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதியிருந்தது. உள்ளே மூன்று தொட்டில், ஒரு மரக்குதிரை, ஒரு கரும்பலகை. அவற்றின் மேல் முதலாளி வீட்டு நெல் மூட்டைகள்.

வருஷத்துக்கு ஒருமுறை பாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மூட்டைகள் வெளியே போகும். பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போடுவார்கள். தங்கபுஷ்பத்துக்கு ஒரு வெள்ளைச் சேலை கொடுப்பார்கள். அவள்தான் ஆயா. எட்டாவது வரை படித்தவள் என்பதால் அவள் பெயரை ரிஜிஸ்டரில் அப்படிப் போட்டிருந்தார் மேனேஜர் மந்திரமூர்த்தி. இன்ஸ்பெக்டர் போனதும் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் மறுபடி ஓடு சுமக்கப் போவாள். புருஷன் ஏசுதாசன் கொழும்புக்குப் போய் ஆறு வருஷமாகிறது. கடிதம் நின்று நாலு வருஷம். பிள்ளை கிடையாது. இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை என்று அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் சாரல் விடாமல் அடித்தது. சூளையில் சுடாத பச்சை ஓடுகள் காயவில்லை. கொட்டகையில் இடம் போதாமல் ஆள் உயரத்துக்கு அடுக்கச் சொன்னார் மந்திரமூர்த்தி. முத்துவடிவு என்ற மண் மிதிக்கிற பெண், தன் ஒன்றரை வயது மகள் குழலியைப் பழஞ்சேலையால் தூணில் கட்டிப் போட்டிருந்தாள். ஒரு அடுக்கு சரிந்தது. குழந்தையின் இடது கால் அடியில் அகப்பட்டுக்கொண்டது.

தென்காசி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, எலும்பு கூடினாலும் கால் நேராகாது என்றார்கள். மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்த முத்துவடிவை வாசலிலேயே மறித்தார் மந்திரமூர்த்தி.

"பிள்ளைய இங்கன கொண்டாரச் சொல்லி நான் ஒனக்கு ஆள் அனுப்பித் தாக்கல் விட்டனாட்டி? ஒடஞ்ச ஓட்டுக்கு யாரு பதில் சொல்லுதது?"

முத்துவடிவு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். பின்னால் நின்ற தங்கபுஷ்பத்துக்கு அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் எரிந்தது. கையில் இருந்த ஓட்டைக் கீழே வைத்தாள். சூளைப் பக்கம் கிடந்த கடப்பாரையை எடுத்துவந்து காப்பகத்தின் பூட்டை உடைத்தாள். மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாரலில் தள்ளினாள். தொட்டிலில் படிந்திருந்த எலிப் புழுக்கையைத் தட்டிவிட்டுக் குழலியை வாங்கிப் படுக்க வைத்தாள். அரைமணி நேரத்தில் ஏழு தாய்மாரின் பிள்ளைகள் ஒன்பது பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

மந்திரமூர்த்தி ஓடி வந்தார்.

"ஏட்டி, யாரு ஒன்னத் தொறக்கச் சொன்னா?"

"ரிஜிஸ்டர்ல எம் பேருக்கு நேரா ஆயான்னு எழுதியிருக்கியளே அண்ணாச்சி. மூணு வருசமா ஆயான்னு பேர வச்சிக்கிட்டு ஓடு சுமந்தேன். இன்னைக்கு ஆயா வேல பாக்கேன்."

"மொதலாளி நெல்லு நனையுது. மூட்டைய எடுத்து உள்ள வையி."

"வைக்க மாட்டேன்."

அவர் கையை ஓங்கினார். மண் அப்பிய கைகளோடு பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கொட்டகையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். மந்திரமூர்த்தி கையை இறக்கினார். "எத்தன நாளைக்குன்னு பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே தங்கபுஷ்பம் திருநெல்வேலியில் இருந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். குழலியின் கால், மூட்டைகள், வெள்ளைச் சேலை எல்லாவற்றையும் எழுதினாள். யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு நாள் காப்பகம் நடந்தது. பெண்கள் முறை போட்டு வந்து பால் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அணிலும் ஆடும் வரைந்து காட்டினாள் தங்கபுஷ்பம். மந்திரமூர்த்தி தினமும் வாசலில் வந்து நின்று முறைத்துவிட்டுப் போவார். அவளும் முறைத்தாள்.

பன்னிரண்டாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல், குடையும் கையுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர். புதிதாக மாற்றலாகி வந்தவர், இளவயது. மேனேஜர் கொடுத்த காப்பியைத் தொடவில்லை. பெண்களைத் தானே எண்ணினார். ஐம்பத்தேழு. ஒரு மாதத்துக்குள் காப்பகத்தில் பால், குளிக்கிற இடம், ஓட்டுச் சுமையில்லாத நிரந்தர ஆயா எல்லாம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெண்கள் அன்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் மந்திரமூர்த்தி ஒரு காகிதத்தோடு கேட்டில் நின்றார். ஏழு பெயர்களைப் படித்தார்.

"மழையில வேல கொறஞ்சு போச்சு. இவ்வளவு பேரும் இனிமே வரவேண்டாம்."

ஏழு பேரும் கைப்பிள்ளைக்காரிகள். முதல் பெயர் முத்துவடிவு. மிச்சம் ஐம்பது பேர். ஐம்பதுக்கு மேல் இருந்தால்தான் சட்டம். ஐம்பது என்றால் காப்பகம் வேண்டியதில்லை. மத்தியானத்துக்குள் நெல் மூட்டைகள் பழைய இடத்துக்குப் போயின.

தங்கபுஷ்பத்தின் பெயர் அந்தக் காகிதத்தில் இல்லை. எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்து மந்திரமூர்த்தி பல்லைக் காட்டினார். "கடுதாசி போட்ட நீ எங்கயும் போவாண்டாம். நீ இல்லன்னா எங்களுக்குச் சட்டம் யாரு சொல்லித் தருவா?"

அன்று சாயங்காலம் ஏழு பேரும் அவள் வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"எங்கள வெளிய தள்ளிட்டு நீ மட்டும் உள்ள இருக்கியே, வெக்கமா இல்ல?" என்றாள் ஒருத்தி.

"ஒரு பிள்ள பெத்திருந்தால்லா இவளுக்குத் தெரியும்" என்றாள் இன்னொருத்தி.

தங்கபுஷ்பம் முத்துவடிவைப் பார்த்துத்தான் பேசினாள். "குழலிக்காகத்தான் எழுதுனேன். இப்பிடி ஆகும்னு எனக்குத் தெரியாது."

"எம் பிள்ளைக்காகன்னா என்கிட்ட கேட்டியா?" முத்துவடிவின் குரல் உயரவே இல்லை. "அவ காலும் போச்சி, எங் கஞ்சியும் போச்சி. ஒன்கிட்ட யாரு கேட்டா?"

அவர்கள் போன பிறகும் தங்கபுஷ்பம் வாசலிலேயே நின்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் அவளை உட்காரச் சொன்னார்.

"ஐம்பது பேர்தான்னா என்னால காப்பகம் வைக்கச் சொல்ல முடியாதும்மா."

"கைப்பிள்ளைக்காரிய பூராப் பேரையும் அனுப்பிட்டா சட்டம் சரியாப் போயிருமா சார்? பிள்ளையே இல்லாத எடத்துல எதுக்குக் காப்பகம்னுல்லா கேப்பாங்க? சட்டத்த எழுதுனவங்களுக்கு இது தெரியாதா?"

அவர் கம்பெனியின் பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினார். பிறகு சொன்னார்: "போன மூணு வருஷம் நடத்தாததுக்கு வழக்குப் போடலாம். சாட்சி வேணும். ஆனா அதால அவங்களுக்கு வேலை திரும்பக் கிடைச்சிடாது. அதையும் சொல்லிடுறேன்."

அவள் வேலைக்குத் திரும்பி வந்தபோது, வழக்கு வரும் என்று மோப்பம் பிடித்திருந்த மந்திரமூர்த்தி ஒரு காகிதத்தை நீட்டினார். கம்பெனியில் எப்போதும் ஐம்பது பெண்கள்தான், மற்றவர்கள் இடையில் வந்துபோன தற்காலிக ஆட்கள் என்று அதில் டைப் அடித்திருந்தது. ஆயா என்ற முறையில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"போடு. போட்டா நெரந்தரமா வச்சிக்கிடுதோம்."

அவள் பேனாவை வாங்கினாள். கீழே 'ஐம்பத்தேழு பேர்' என்று எழுதி, அதன் கீழே ஏழு பெண்களின் பெயரையும் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். மந்திரமூர்த்தி அதைக் கிழித்து அவள் முகத்தில் எறிந்தார். "வெளிய போ. இந்த ஊர்ல ஒனக்கு எவன் வேல குடுக்கான்னு பாப்போம்."

எவனும் கொடுக்கவில்லை. ஆய்க்குடிப் பக்கம் நாற்று நடவும் களை எடுக்கவும் போய்த்தான் அவள் அந்த வருஷத்தை ஓட்டினாள். அவள் விட்ட இடத்துக்குக் கல்யாணமாகாத ஒரு பெண்ணைக் கம்பெனி சேர்த்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானதும் அவளையும் நிறுத்தியது.

வழக்கு அடுத்த தை மாதம் தென்காசிக் கோர்ட்டில் வந்தது. தான் மட்டும்தான் சாட்சி என்று நினைத்துக்கொண்டு போன தங்கபுஷ்பம், பெஞ்சின் மறுமுனையில் முத்துவடிவு குழலியோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். எழுந்து அவள் பக்கம் போனாள்.

"நீயும் வந்திருக்கியா?"

"ஒனக்காக வரல. அவன் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த சொல்லணும்னு வந்தேன்."

கூண்டில் ஏறியதும் முத்துவடிவு குழந்தையைத் தூக்கி அந்த வளைந்த காலைக் காட்டினாள். கம்பெனி வக்கீல், "பிள்ளையைத் தூணில் கட்டியது நீதானே?" என்று கேட்டார்.

"நாந்தான் கட்டுனேன். தொட்டிலு பூட்டிக் கெடந்தா வேற எங்க கட்டுவேன்? ஒம்ம கழுத்துலயா?"

மாஜிஸ்ட்ரேட் அதட்டினார். அவள் மந்திரமூர்த்தியைப் பார்த்த பார்வையை எடுக்கவில்லை. தங்கபுஷ்பம் அவளுக்குப் பிறகு ஏறி, வெள்ளைச் சேலை முதல் கிழித்த காகிதம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனிக்கு அபராதம் விதித்தார்கள். மந்திரமூர்த்தி அங்கேயே கட்டிவிட்டு, முதலாளியின் காரில் ஏறிப் போனார்.

குற்றாலம் போகிற பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். முத்துவடிவு முன்னால், தங்கபுஷ்பம் இரண்டு சீட் பின்னால். மேலகரத்தில் இறங்கும்போது கூட்டம் நெருக்கியது. படியில் தடுமாறிய முத்துவடிவிடம், "பிள்ளையக் குடு, எறங்கு" என்று கையை நீட்டினாள் தங்கபுஷ்பம்.

முத்துவடிவு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, தானே இறங்கிப் போனாள்.