பதினோராவது பெயர்

பல்கலைக்கழக ஆராய்ச்சியாளன் சிவிவே கொண்டுவந்த பட்டியலில் பதினேழு பெயர்கள் இருந்தன. மதுன்யேனி மருத்துவ நிலையத்தின் தலைமைச் செவிலி புமேஸா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாம் அவள் கையாலேயே பதிவேட்டில் ஏறிய பெயர்கள்தான். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கி, ஆறு மாதம் முடிவதற்குள் வராமல் நின்றுபோனவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘தொடர்பில் இல்லை’ என்று எழுதியிருந்தாள். பதினோராவது பெயரில் அவள் விரல் நின்றுவிட்டது. நோகாயா ட்யாலி, வயது இருபத்தேழு.

“இவங்க எல்லாரையும் தேடப் போறீங்களா?” என்று கேட்டாள்.

“முடிஞ்ச வரைக்கும், சிஸ்டர். உயிரோட இருக்காங்களா, ஏன் வர்றத நிறுத்தினாங்க, எங்க போனாங்கன்னு கேட்கணும். பல்கலைக்கழகத்துல இந்த மலைப்பக்கம் ஆறு நிலையத்த எடுத்திருக்கோம். உங்களோடது நாலாவது.”

“ஏன் நிறுத்தினாங்கன்னு நானே சொல்றேனே, தம்பி. இதுக்குப் போயி இவ்வளவு டீசலா? ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடும். அப்புறம் மாத்திரை எதுக்குன்னு விட்டுடுவாங்க. சோம்பல்.”

சிவிவே சிரித்தான். ஆராய்ச்சிக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் சுரங்க ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண் செவிலியாக இருந்தவன். “நானும் அங்க இதையேதான் சொல்லிட்டிருந்தேன், சிஸ்டர்.”

அவர்கள் வீடெல்லாம் தனக்குத் தெரியும், தானும் வண்டியில் வருவதாகச் சொன்னாள் புமேஸா. அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

“உங்கள பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு உங்களப் பத்தி எவன் நெசத்தப் பேசுவான்? வழி காட்ட நோபான்டு அக்கா வரட்டும். அவங்களும் வண்டியிலேயே இருக்கட்டும். யாரு கிடைச்சாங்க, என்ன சொன்னாங்கன்னு வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுத் தரணும்.”

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவரும் சுகாதாரப் பணியாளர்தான் நோபான்டு. ஐம்பது வயது, கனத்த உடம்பு. அவள் வாயில் எந்தச் சங்கதியும் மதியச் சாப்பாடு வரைகூடத் தங்காது. அவள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து மருந்தறைப் பெண் வாய்விட்டே சிரித்தாள்.

வண்டி கிளம்பிப் போனதும் புமேஸா ஊசி போடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு இரண்டு செவிலிகள் லீவு. கூடத்துப் பெஞ்சுகளில் அறுபது எழுபது பேர். தண்ணீர்த் தொட்டி வேறு காலி. நோகாயா ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வரிசையில் முன்னால் வந்தாள். மூன்று வாரம் மாத்திரை வாங்க வராதவள். புமேஸா அவள் அட்டையைப் பார்த்தாள். அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

“மூணு வாரமா எங்க போயிருந்த? உன் நெஞ்சுல இருக்கற டிபிய அந்தப் பிஞ்சுக்கும் ஊட்டப் பார்க்கிறியா? புள்ளையக் கொல்லணும்னா ஒரேயடியா கொன்னுடேன்!”

நோகாயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி மெல்லத் தன் பாவாடையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அதுவரைக்கும் அவளுக்கு என்ன நோய் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நோகாயா மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, போர்வையால் குழந்தையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் வரவேயில்லை. இரண்டு தடவை நோபான்டு அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அந்த வட்டமான மண்வீட்டின் கதவில் பூட்டுத் தொங்கியது.

நோயாளியின் நோயை நாலு பேர் முன்னால் சொல்லக்கூடாது என்று புதிதாக வரும் ஒவ்வொரு செவிலிக்கும் பாடம் எடுப்பவள் புமேஸா. அவளேதான் அன்றைக்கு அப்படிச் செய்தாள். யாரும் புகார் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. குழந்தை போய்ச் சேர்ந்திருக்கும், அல்லது தாய் போயிருப்பாள், அல்லது இரண்டு பேருமே என்று அவளுக்குள் ஒரு நினைப்பு ஊறிக்கிடந்தது. அந்த வயதுக் குழந்தையை யாராவது எடை பார்க்கக் கொண்டுவந்தால் அவள் வேறு செவிலியை அனுப்பிவிடுவாள்.

சிவிவேயின் வண்டி மூன்று வாரம் அந்த மலைச்சரிவுகளில் சுற்றியது. தினமும் பிற்பகலில் நோபான்டு செம்மண் படிந்த செருப்போடு வந்து இறங்குவாள். முதல் வாரம் புமேஸா எதையும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் பொறுக்கமுடியாமல், தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த இடித்த சோளமும் பீன்சும் வைத்த டப்பாவை அவள் முன்னால் தள்ளினாள்.

“சாப்பிடு. நடந்து களைச்சிருப்ப.”

நோபான்டு டப்பாவையும் பார்த்தாள், அவள் முகத்தையும் பார்த்தாள். “சிஸ்டர், இது சோறா, லஞ்சமா?”

“சோறுதான்.”

“அப்பச் சாப்பிடுறேன். ஆனா ஒண்ணும் கேட்காதீங்க.”

“நான் என்ன கேட்டேன்? ஆத்துக்கு அக்கரைக்கும் போனீங்களான்னுதான்…”

“பாத்தீங்களா! கேட்டுட்டீங்க.” நோபான்டு கரண்டியைக் கீழே வைத்தாள். “என் புருஷன் கேட்டான், சொல்லல. கோயில்ல பெண்கள் சங்கமே கேட்டுச்சு, சொல்லல. சொல்லாம அடக்கி அடக்கி எனக்கு வயிறு ஊதிப்போய்க் கிடக்கு, சிஸ்டர். என்னப் பாவம் பார்த்து விட்டுடுங்க.”

ஊரிலேயே ஓட்டைவாய் என்று பெயர் வாங்கிய பெண் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் புமேஸாவுக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாவது வாரம் நிலையத்தில் வேலை செய்கிறவர்களிடமும் பேச வேண்டும் என்றான் சிவிவே. புமேஸாவின் முறை வியாழக்கிழமை வந்தது. சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தான். எத்தனை செவிலிகள், ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், மாத்திரை தட்டுப்பாடு உண்டா என்று வரிசையாகக் கேட்டான். அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். “நோயாளிங்க வராம நின்னதுக்கு நிலையத்துப் பக்கம் ஏதாவது காரணம் இருக்கும்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டபோது, மழைக்காலம், உடைந்த பாலம், டாக்சி வேன் கிடைக்காதது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“நான் ஒருத்திய எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தி அனுப்பினேன்” என்று வந்துவிட்டது.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமையை முழுக்கச் சொன்னாள். தான் என்ன வார்த்தை சொன்னாள் என்பதையும், கிழவி நகர்ந்து உட்கார்ந்ததையும்கூட விடவில்லை. சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. சிவிவே பதிவுக் கருவியை நிறுத்தினான்.

“சிஸ்டர், இந்தப் பகுதி வேண்டாம்னா அழிச்சிடலாம். உங்களுக்கு அந்த உரிமை இருக்கு.”

அவள் யோசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “இருக்கட்டும். பேரு போடாம எழுதுங்க. நாளைக்கு இந்த வேலைக்கு வர்ற பொண்ணுங்க படிக்கட்டும்.” பிறகு தாங்கமுடியாமல், “அவ இருக்காளா, தம்பி? அதை மட்டும் சொல்லுங்க. ஒரே வார்த்தை” என்றாள்.

அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. “அவங்க சம்மதம் இல்லாம நான் சொல்லமுடியாது, சிஸ்டர். கெட்டதா இருந்தாலும் சரி, நல்லதா இருந்தாலும் சரி. ஒருத்தருக்கு மட்டும் சொன்னேன்னு வைங்க, நாளைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர்கூட எனக்குக் கதவத் திறக்கமாட்டாங்க.”

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் அன்றைக்கு முழுக்க அவன்மேல் கோபமாகவே இருந்தாள்.

அடுத்த வாரம் சிவிவே எல்லோரையும் உட்கார வைத்துக் கணக்கைச் சொன்னான். பதினேழு பேரில் நாலு பேர் இறந்துவிட்டார்கள். இரண்டு பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இரண்டு பேர் உடம்பு தேறிவிட்டது என்று தாங்களாக நிறுத்தியவர்கள். அவர்களை மறுபடி பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறது. மீதி ஒன்பது பேரும் மாத்திரையை நிறுத்தவேயில்லை. வேறு வேறு நிலையங்களில் வாங்கிச் சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள்.

“ஒன்பது பேரா?” என்றாள் மருந்தறைப் பெண்.

“ஒன்பது. வேலை தேடிப் போனவங்க, கல்யாணமாகிப் போனவங்க, சொந்தக்காரங்களோட தங்கப் போனவங்க. இங்க இத்தனை நாள் சாப்பிட்டாங்கன்னு காட்டுற மாற்றுக் கடிதம் வாங்காம போனதால அவங்க அங்க புது நோயாளி. இங்க காணாமப் போனவங்க.”

“கடிதம் கேட்டிருந்தா கொடுத்திருப்போமே!”

“கேட்கப் பயந்தாங்க. திட்டுவாங்கன்னு. நான் இதுவரைக்கும் போன நாலு நிலையத்துலயும் இதேதான் சொல்றாங்க” என்றான் சிவிவே. புமேஸாவைத் தனியாகப் பார்க்காமல் எல்லோரையும் பார்த்துத்தான் சொன்னான்.

ஒன்பது என்பது பாதிக்கு மேல். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அவள் மனசு கொஞ்சம் மேலே ஏறும். நாலு என்ற எண் உடனே இழுத்துக் கீழே போடும். அந்த வாரம் முழுக்க அவளுக்கு அப்படியே போனது.

வெள்ளிக்கிழமை காலை கூட்டம் குறைவு. புமேஸா கூடத்தில் நின்று புதிய பையன் ஒருவனுக்கு மாற்றுக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள். சிகிச்சை தொடங்கும் முதல் நாளே, கேட்டாலும் கேட்காவிட்டாலும், எல்லோருக்கும் ஒன்று எழுதிக் கொடுத்துவிடுவது என்று இரண்டு நாளைக்கு முன்னால்தான் முடிவு செய்திருந்தாள். நிமிர்ந்தபோது வாசலில் பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு பெண் நின்றாள். கன்னம் உப்பி, நல்ல சதைப்பிடிப்போடு இருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு குட்டைச் சட்டை போட்ட ஒரு பெண் குழந்தை, வாயைச் சுற்றிப் புளித்த பால் காய்ந்த தடத்தோடு.

புமேஸாவின் கையிலிருந்து பேனா விழுந்தது.

“என்ன சிஸ்டர், அடையாளம் தெரியலையா?” என்றாள் நோகாயா.

புமேஸா வந்து அவள் முழங்கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். நாற்காலியில் உட்கார வைத்தாள். தான் உட்காரவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தத் தம்பி வந்திருந்தாரு. நிலையத்துக்குச் சொல்லட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம், நானே போய்ச் சொல்றேன்னுட்டேன்” என்றாள் நோகாயா. “அன்னிக்கு இங்கேருந்து போயி அக்கரைல எங்க அக்கா வீட்டுல இருந்துட்டேன். இந்த ஊருல எந்த முகத்த வச்சுக்கிட்டு நடக்கறது? அங்க கடிதம் எங்கன்னாங்க. இல்லன்னேன். முதல்லேருந்து ஆரம்பிச்சாங்க. மூணு மாசம் நான் சாப்பிட்டதெல்லாம் வீணாப்போச்சு. ஆனா முடிச்சுட்டேன். சளி ரெண்டு தடவை பார்த்தாங்க, சுத்தம்னாங்க.”

“புள்ளைக்கு?”

“ஒண்ணுமில்ல. அவளுக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தாங்க. கரைச்சு ஊட்டினா துப்பிடுவா. சண்டைக்காரி.”

புமேஸா சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டு வருஷமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. கண்ணீர் வழிவதை அவள் துடைக்கவில்லை.

“நான் அன்னிக்குப் பேசினது பெரிய தப்பு, நோகாயா. உன் நோயை ஊருக்குச் சொன்னது அதைவிடத் தப்பு. என்ன மன்னிச்சுடும்மா.”

நோகாயா குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

“ஒரு வருஷம் உங்கள சபிச்சுட்டே இருந்தேன், சிஸ்டர். மாத்திரை கசக்கும்போதெல்லாம் உங்க பேரச் சொல்லிச் சபிச்சுத்தான் முழுங்குவேன். ஒரு நாளு விடாம முழுங்கினேன்னா அதுக்கு அந்த வீம்பும் ஒரு காரணம். சாகமாட்டேன், அவ முன்னாடி வந்து நிப்பேன்னு.” அவள் உதடு ஓரம் மெல்ல இழுத்தது. “இப்ப வந்து நின்னா நீங்க அழுவுறீங்க. நான் என்ன பண்ண?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். குழந்தையும் காரணம் தெரியாமல் சேர்ந்துகொண்டது.

“போன வாரம் ஊருக்கே திரும்பிட்டோம்” என்றாள் நோகாயா. “இவளுக்கு வைட்டமின் சொட்டு போடணும். இங்கேயே போட்டுக்கலாமா?”

புமேஸாவே குழந்தையைத் தூக்கித் தராசில் நிறுத்தினாள். பன்னிரண்டரை கிலோ. இன்னொரு தடவை பார்த்தாள். அதே பன்னிரண்டரை. சொட்டு மருந்தை விட்டதும் குழந்தை முகத்தைச் சுளித்து, அதில் பாதியை அவள் வெள்ளைச் சட்டையிலேயே துப்பியது.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு சமையலறையில் நோபான்டு காத்திருந்தாள். கண்ணெல்லாம் ஈரம், வாயெல்லாம் பல்.

“இப்பப் பேசலாம்ல, சிஸ்டர்? அவளே வந்துட்டாள்ல? அன்னிக்கு வண்டியிலேருந்து பார்க்கிறேன், கோழிய விரட்டிக்கிட்டு ஓடி வர்றா! எனக்கு இறங்கி ஓடிப்போய்க் கட்டிக்கணும் போல இருந்துச்சு. அந்தத் தம்பி கையைக் காட்டி உட்காருன்னுட்டாரு. ரெண்டு வாரம்! நீங்க சோத்த நீட்டினீங்களே, அன்னிக்குத்தான் அவளப் பார்த்துட்டு வந்தேன். தொண்டைல அடைச்சுக்கிட்டு நிக்குது, முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல…”

அவள் நிறுத்தவேயில்லை. புமேஸா இரண்டு கோப்பை தேநீர் ஊற்றிச் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டாள். நெடுநாளைக்கு அப்புறம் அவளுக்கு நன்றாகப் பசித்தது. ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டே, “அப்ப அந்தப் பட்டியல்ல ஆறாவது பேரு, வேலி கட்டுறவன் இருக்கானே, அவன்…” என்று தொடங்கினாள்.

நோபான்டு சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.