பேரிங்கின் முதல் இலக்கம்

ஆயுத பூசைக்கு இயந்திரம் மினுக்க என்னைப்போல ஆள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கிடையாது என்று ஒரு காலத்தில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. இராசநாயகம் அண்ணையின் தோட்டத்தைத் தின்றது அந்தத் தலைக்கனம்தான்.

கொக்குவிலில் எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய் மிசின் வைத்து முதலில் தண்ணீர் இறைத்தவர் அவர். மிசின் வந்த கிழமையே கிணற்றடித் துலாவை, ஆள் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைக்கும் அந்த ஏற்ற மரத்தை, தறித்து மாட்டுக்கொட்டில் கூரைக்கு வளையாக்கினார். இன்று உனக்கு நான் துலா மிதித்தால் நாளை எனக்கு நீ மிதிப்பது ஊர் வழக்கம். "இனி நான் ஒருத்தற்றை துலாவிலும் ஏறமாட்டன். எனக்கும் ஒருத்தரும் வர வேண்டாம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

மிசினைப் பார்ப்பது என் வேலை. புரட்டாதிதோறும் அதைக் கழற்றி, ஒவ்வொரு துண்டாக எமரிக் கடதாசியால் தேய்த்து, சந்தனம் வைத்துச் சரசுவதிக்கு முன்னால் அடுக்குவேன். "முகம் பாக்கலாம் போல கிடக்கு" என்பா அவர் மனைவி பூரணம் அக்கா. எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

யப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த மாசியில், மிசினோடு பூட்டிய பம்பின் பேரிங் உடைந்தது. பேரிங்குக்குள் உருளும் உருக்குக் குண்டுகள் தூளாகிவிட்டன. வெளிவளையத்தின் உட்பக்கம் அரைபட்டுப் போயிருந்தது. வளையத்தின் முகம் மட்டும் என் கைவண்ணத்தில் பளபளத்தது. தோட்டத்தில் ஆறாயிரம் புகையிலைக் கன்று இடுப்பளவு நின்றது. அந்த வீட்டின் வருடச் சோறு அது. நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் காட்டாவிட்டால் சரி, முடிந்தது கதை.

வளையத்தோடு பட்டினத்துக் கடைசல் பட்டறைக்குச் சைக்கிளில் ஓடினேன். பட்டறைக்காரர் சந்தியோகு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இலக்கம் எங்கை?"

"எந்த இலக்கம்?"

"முகத்திலை நாலு இலக்கம் வெட்டியிருப்பாங்கள். கடைசியிலை சுழியமும் அஞ்சும் மட்டும் மங்கலாத் தெரியுது. அது துளையின்ரை அளவு. முன்னுக்கு இருக்கிறதுதான் என்ன வகை எண்டு சொல்லும். அதை ஆர் தேய்ச்சு அழிச்சது?"

"புத்தகத்திலை தேடிப் பாப்பமோ?" என்றேன்.

அவருடைய அட்டவணைப் புத்தகத்தில் தேடினோம். துளை, வெளிவட்டம், தடிப்பு மூன்றும் அச்சொட்டாக ஒத்து மூன்று வகை இருந்தன. சுழலும் தண்டின் பாரத்தை மட்டும் தாங்குவது ஒன்று. தண்டு பக்கமாகத் தள்ளும் பக்கத்துத் தள்ளலையும் தாங்குவது ஒன்று. தண்டு சரிந்தால் இசைந்து கொடுப்பது மற்றது. கொழும்புக்குத் தந்தி அடித்தோம். முழு இலக்கம் வேண்டும், யுத்த காலம், ஒன்றுதான் தரலாம், மாற்றித் தர முடியாது என்று மறுமொழி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு மூன்றில் முதலாவது வகையின் இலக்கத்தை எழுதினேன்.

அது வரப் பதினொரு நாள். அதுவரை அண்ணையும் அக்காவும் கையால் வாளி இழுத்தார்கள். உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம். கால்வாசித் தோட்டம்கூட நனையவில்லை. அண்ணை வெட்கத்தை விட்டுப் பக்கத்துத் தோட்டத்து முத்துக்குமாருவிடம் துலா உதவி கேட்டுப் போனார்.

"உங்கடை மிசினைக் கேளுங்கோவன்" என்றான் அவன். குற்றம் சொல்ல முடியாது.

புதுப் பேரிங் கச்சிதமாகப் பொருந்தியது. தண்ணீர் பாய்ந்தபோது அக்கா அழுதேவிட்டா. மறுநாள் மத்தியானம் பம்ப் வீரிட்டது. அது பக்கத்துத் தள்ளல் உள்ள பம்ப்; நான் எழுதியதோ அதைத் தாங்காத வகை. பேரிங் சிதறி, தண்டையும் கடித்துப் போட்டது.

கன்றுகள் கீழிலையிலிருந்து மஞ்சளாகிக் கருகின. பேரிங் சிதறிய பத்தாம் நாள் வரம்பில் நின்று சொன்னேன்.

"அண்ணை, இலக்கத்தைத் தேய்ச்சது நான்தான்."

அவர் என்னை அடித்திருக்கலாம்.

"நீர் தேய்க்கேக்கை பக்கத்திலை நிண்டு இன்னும் தேய்ச்சுவிடும் எண்டது நான்தானே" என்றார்.

அடுத்த புரட்டாதியில் அவர் முத்துக்குமாருவின் துலாவில் கூலிக்கு ஏறிக்கொண்டிருந்தார். ஆனாலும் பூசைக்கு என்னைக் கூப்பிட்டார். செத்த மிசினுக்கு முன்னால் அந்தப் பழைய வளையத்தை வைத்திருந்தார்கள். நான் எமரிக் கடதாசி கொண்டுபோகவில்லை. அண்ணை சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வழக்கமா எவடத்திலை வைக்கிறனீர்?"

இலக்கம் இருந்த இடத்தைக் காட்டினேன். அவர் அங்கேயே வைத்தார்.