அம்மிணியோட பவுடர்

என் தங்கச்சி வள்ளியாத்தா, எங்க ஊட்டு அம்மிணி, கெமிக்கல் இன்ஜினியரிங் புரொபசர். பன்னெண்டு வருசமா ஒரே பவுடரக் கட்டிக்கிட்டு அழுதா. நான் பெருமாநல்லூர்ல சலவைப்பட்டறை வெச்சிருக்கறவன், எனக்கு அந்தப் படிப்பெல்லாம் ஏறாதுங்க. புரிஞ்சது இவ்வளவுதான்: பனியன் துணிய பெராக்சைடுல வெளுத்தப்புறம், மிச்சம் நிக்கற பெராக்சைடப் போக்க நாலு தண்ணி அலசறோம். அவ பவுடர் கொஞ்சம் போட்டா ஒரே தண்ணியில போயிருமாம். நொய்யல் ஆத்துக்கும் அத்தனை அழுக்குத் தண்ணி போகாது. அதுக்குப் பேரு கேட்டலிஸ்ட்டாம். தான் செலவாகாம வேலைய மட்டும் முடிச்சிருமாம்.

தொண்ணூத்தி நாலுல ஒரு லாட்டு, அதான் ஒரு தொட்டி நெறயத் துணியில போட்டுப் பாக்கறேன்னு கேட்டா. இது தேறலீன்னா காலேஜுல அவ ஆராய்ச்சிய இழுத்து மூடிருவாங்களாம். கூடப் பொறந்தவளாச்சே, சரின்னுட்டேன். எங்கம்மா குழந்தையம்மா காலையிலயே சாமளாபுரத்துல இருந்து வந்து உக்காந்துக்கிச்சு. மக பேரெடுக்கறதக் கண்ணால பாக்கோணுமாம்.

மத்தியானம் துணியத் தூக்கி விரிச்சோம். அட எழவே, ஓட்டை ஓட்டையா, அம்மை வாத்த மூஞ்சியாட்டம் இருந்துச்சு. பவுடரக் கண்டாலே மொறைக்கற மாஸ்டர் பழனிமுத்து, அந்தக் கருமத்தப் போடாதீங்கன்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டனேன்னு குதிச்சான். நானும் ஆத்திரத்துல வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன். உன்ற படிப்பக் கொண்டுபோய் நொய்யல்ல கொட்டுன்னு வரைக்கும் பேசினேன்.

வள்ளியாத்தா அழுகல. ஓட்டையச் சுத்திப் பழுப்பு இருக்கறதக் காட்டினா. இது இரும்புக்கறை, இரும்பு பட்ட எடத்துல பெராக்சைடு துணியவே தின்னுரும், வெளுக்கறப்பவே தொட்டிக்குள்ள இரும்பு இருந்திருக்குது, பவுடரு அதுக்கப்புறந்தான் போச்சுன்னா. மாஸ்டர் சிரிச்சான். அவ தண்ணிய வடிக்கச் சொல்லிட்டு, சூடு ஆறாத தொட்டிக்குள்ள கைய உட்டுத் துழாவினா. முழங்கை வரைக்கும் செவந்துபோச்சு. அடியில இருந்து துருப்பிடிச்ச மாட்டு லாடம் ஒண்ண எடுத்தா.

கண்ணு படக்கூடாதுன்னு எங்கப்பன் சாமளாபுரத்துல எங்க ஊட்டு வாசப்படியில அடிச்சிருந்த லாடம் அது. பொறந்ததுல இருந்து தாண்டித்தாண்டிப் போனது எனக்குத் தெரியாதா? அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு.

"தப்பிக்கறதுக்கு இத இப்ப நீங்களே உள்ள போட்டு எடுக்கலைன்னு என்னுங்க நிச்சயம்?"னு கேட்டான் பழனிமுத்து.

பட்டறையே அவளப் பாத்துச்சு. ஒரு வார்த்தை சொன்னா அவ பவுடரு பொழைக்கும். ஆனா அம்மா அத்தனை ஆளுக முன்னால தலைகுனியோணும். என் தங்கச்சி லாடத்தக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு வாயே தொறக்கல. எனக்கும் நாக்கு எழும்பல, அத நெனச்சா இன்னைக்கும் கூசுது.

மூலையில முந்தானையக் கசக்கிக்கிட்டு நின்ன அம்மா முன்னால வந்துச்சு.

"நாந்தான் சாமி போட்டேன். காலையில நீங்கெல்லாம் சூடம் காட்டீட்டு இருந்தப்போ. எம்புள்ளை மேல யாரு கண்ணும் பட்டிரக்கூடாதுன்னு."

நாந்தான், இன்னொரு லாட்டு ஏத்துடான்னு பழனிமுத்துகிட்டச் சொன்னேன். அம்மா செருப்பு மாட்டிக்கிட்டுக் கெளம்பப் பாத்துச்சு. வள்ளியாத்தா உடல. தொட்டிக்கு எதுத்தாப்புல சேரப் போட்டு உக்கார வெச்சா. ரெண்டு கையையும் எல்லாரும் பாக்கற மாதிரி மடியில விரிச்சு வெச்சுக்கிட்டு அம்மா அப்படியே உக்காந்திருந்துச்சு.

சாயங்காலம், அதே பவுடரப் போட்டு ஒரே தண்ணியில அலசின துணி ஒரு ஓட்டையில்லாம வெள்ளைவெளேர்னு வந்துச்சு. தொட்டுப் பாரும்மான்னேன், மாட்டேன்னு தலையாட்டிருச்சு. வள்ளியாத்தா தன்னோட வெந்துபோன கையால அம்மா கையப் புடிச்சு, துணி மேல வெச்சா.