வலது மூலைக்கு இரண்டு பேர்

கொக்கிச் சங்கிலி நகர்ந்துகொண்டே இருந்தது. இறகு பறித்த கோழிகள் தலைகீழாகத் தொங்கி வந்தன. சீமீனுக்கு வலது இறக்கை. பக்கத்தில் நின்ற கோஹருக்கு இடது இறக்கை. மூட்டில் கத்தி நுனியை வைத்து ஒரு திருப்பு. இறக்கை தொட்டியில் விழுவதற்குள் அடுத்த கோழி முகத்துக்கு நேரே வந்துவிடும். தரையில் ஓடிய பனித்தண்ணீர் ரப்பர் பூட்சையும் மீறிக் கால்விரல்களை மரக்கவைத்தது.

"தோள் எப்படிக்கா இருக்கு?" என்றாள் சீமீன்.

"கத்தி புடிக்குது. அது போதும்."

கோஹர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரமாகவே அவள் இப்படித்தான் பேசினாள்.

ஈரானின் வடக்கே குர்கான் நகருக்கு வெளியே இருந்த அந்தக் கோழி ஆலைக்கு ஒரு பெண்கள் கபடி அணி இருந்தது. ஹாமூன் ஏரி வற்றியபோது கிழக்கே சீஸ்தானிலிருந்து இங்கே வந்துசேர்ந்த குடும்பங்களின் பெண்கள்தான் பெரும்பாலும் ஆடினார்கள். அணியில் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் ஒரு வருட ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டு அட்டை. சங்கிலியில் நின்ற மற்ற பெண்களை மாதாமாதம் எடுப்பார்கள், மாதாமாதம் நிறுத்துவார்கள். கோஹரின் கணவன் சாரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்து படுத்திருந்தான். அவனுடைய ஊசி மருந்தெல்லாம் அவளுடைய அட்டையில்தான் வந்தது.

பதினாறு வருடம் வலது மூலையில் நின்று ஆடியவள் கோஹர். சென்ற இலையுதிர் காலத்தில் பயிற்சியின்போது அவள் பாடிப் போனாள். சீமீன் கணுக்காலைப் பிடித்தாள். கோஹர் தோள்பட்டை மேல் விழுந்தாள். எலும்பு கழன்ற சத்தம் கூடத்தின் மறுகோடி வரை கேட்டது. அதன்பின் வலது மூலையில் சீமீன் நின்றாள். கோஹர் பதின்மூன்றாவது ஆளானாள். அவளுடைய ஒப்பந்தம் வசந்தகாலப் புத்தாண்டோடு முடிகிறது. அதற்கு இன்னும் பத்து நாள்தான்.

பத்தரை மணிக்கு மேஸ்திரி வந்து கண்ணாடித் தடுப்பைத் தட்டினான். அணிக்காரர்கள் எல்லோரும் அலுவலகத்துக்கு வர வேண்டுமாம்.

பயிற்சியாளர் ஃபரங்கீஸ் கையில் ஒரு காகிதத்தோடு நின்றாள். மேலாளர் ருஸ்தமி நாற்காலியில் இருந்தார். அரை இறுதியில் இவர்களிடம் தோற்ற அணி மாகாணக் குழுவிடம் புகார் கொடுத்திருந்தது. நான்காம் எண் ஆட்டக்காரியின் பிடி பெண்ணின் பிடி அல்ல. அவள் ஆணாகப் பிறந்தவள். இது நியாயமான போட்டி ஆகாது. கீழே ஆதாரமாகச் சீமீனின் பழைய பெயர், பிறந்த ஊர், அறுவை நடந்த ஆண்டு. மருத்துவக் குழு முடிவு சொல்லும்வரை இறுதி ஆட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது.

ஃபரங்கீஸ் வாசித்து முடித்தாள். பதினெட்டு வயது நூஷின் மெல்லக் கேட்டாள்: "அப்ப நாம எல்லாரும் ஒரே அறையிலதானே உடுப்பு மாத்தினோம்?"

"ரெண்டு வருசமா மாத்தின," என்றாள் ஃபரங்கீஸ். "உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"கொறைஞ்சுச்சுன்னு சொல்லல மேடம். முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்னு சொல்றேன்."

சீமீன் சுவரோரம் நின்று கையுறையைக் கழற்றினாள். அந்தப் பழைய பெயர் இந்த ஆலையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி ஃபரங்கீஸ், அணியில் சேரும் அன்றே கோர்ட்டு உத்தரவையும் புது அடையாள அட்டையையும் சீமீன் அவளிடம் காட்டியிருந்தாள். இன்னொருத்தி கோஹர். தோள் கழன்ற மறுவாரம் சீமீன் ஒரு தூக்கில் கோதுமைக் கஞ்சி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் மறைத்துவைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கோஹர் அன்று கஞ்சியை முழுதும் குடித்தாள். தூக்கைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தாள்.

மதியம் தேநீர் இடைவேளையில் கோஹர் கொதிகலன் அறைக்குப் பின்னால் தனியே உட்கார்ந்திருந்தாள். சீமீன் போய் எதிரே நின்றாள்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள் கோஹர், கேட்பதற்கு முன்பே. "உக்காரு. நின்னுட்டு இருந்தா இன்னும் ஒசரமாத் தெரியுற."

சீமீன் உட்கார்ந்தாள்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்லடி. பதினாறு வருசத்துல எத்தனையோ பேரு என்னைப் புடிச்சிருக்காளுக. நான் உதறிட்டு எழுந்து வந்திருக்கேன். உன் பிடி வேற மாதிரி."

"ஹார்மோன் மாத்திரை திங்க ஆரம்பிச்சதுலேருந்து என்னால ரெண்டு பெட்டி சேத்துத் தூக்க முடியலக்கா. நீங்களே பாத்திருக்கீங்க. நீங்கதானே வந்து ஒரு பக்கம் புடிச்சீங்க."

"பாத்தேன். சதை கொறைஞ்சுது. கை கொறைஞ்சுதா? கால் நீளம் கொறைஞ்சுதா?"

சீமீன் தன் கைகளைப் பார்த்தாள். பனித்தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. அன்று கோஹரின் தோளைக் கழற்றியது இந்தக் கைகளா, இல்லை அவள் விழுந்த விதமா என்று அவளும் எத்தனையோ முறை தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு.

"எனக்குத் தெரியலக்கா," என்றாள்.

"எனக்கும் தெரியாது. ஆனா அந்தப் பன்னெண்டுல எனக்கு ஒரு எடம் இல்லாமப் போனா எங்க வீட்டுல ஒருத்தன் படுத்த படுக்கையில அழுகிப் போவான். அது தெரியும்."

"எனக்கும் வேற எடம் இல்ல. போன வேலை எல்லாம் பழைய பேரைக் கண்டுபுடிச்சதும்தான் போச்சு."

"தெரியும்டி," என்றாள் கோஹர். "தெரிஞ்சுதான் குடுத்தேன்."

சங்கு ஊதியது. இருவரும் எழுந்து சங்கிலிக்குப் போனார்கள். மாலைவரை ஒருத்தி வலது இறக்கையையும் ஒருத்தி இடது இறக்கையையும் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மருத்துவக் குழு கூப்பிட்டது. நடைக்கூடத்து நாற்காலியில் சீமீன் காலையிலிருந்து காத்திருந்தாள். ஃபரங்கீஸும் கூட வந்திருந்தாள். அவளை உள்ளே விடவில்லை. அறையில் இரண்டு பெண் மருத்துவர்களும் எழுதுவதற்கு ஒரு பெண்ணும் இருந்தார்கள். உடையைக் களையச் சொன்னார்கள். உயரம் அளந்தார்கள், தோள் அகலம், இடுப்பு, உள்ளங்கை. அளவுகளை ஒருத்தி சொல்லச் சொல்ல மற்றவள் எழுதினாள். சூடேற்றும் கருவி அணைந்திருந்தது.

பிறகு பிடியின் பலத்தை முள்ளால் காட்டும் இரும்புக் கைப்பிடி ஒன்றைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். முழு பலத்தையும் போட்டால் ஆண் என்பார்கள். மெதுவாக அழுத்தினால் ஏமாற்றுகிறாள் என்பார்கள். சீமீன் பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடும் அழுத்தினாள். முள் எங்கே நின்றது என்று அவர்கள் சொல்லவில்லை.

"கோர்ட்டு உத்தரவு கொண்டு வந்திருக்கேன்," என்றாள், சட்டையை மாட்டிக்கொண்டே. "அட்டையும் இருக்கு. பொம்பளன்னுதான் போட்டிருக்கு."

"அதை யாரும் மறுக்கலம்மா," என்றாள் மூத்த மருத்துவர். கனிவாகத்தான் சொன்னாள். "நீ பொம்பளயான்னு எங்களைக் கேக்கல. எவ்வளவு பொம்பளன்னு கேட்டிருக்காங்க."

"அதுக்கு அளவு இருக்கா டாக்டர்?"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இன்னும் வரல. தலைநகருக்கு எழுதிக் கேக்கணும். புத்தாண்டு கழிஞ்சு கூட்டம் போடுவாங்க."

புத்தாண்டுக்கு முந்தைய நாள் ருஸ்தமி அணியை மறுபடி கூப்பிட்டார். மேசைமேல் கிண்ணத்தில் புத்தாண்டுக்காக முளைக்கவிட்ட கோதுமைப் பயிர் இருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே பேசினார்.

"முதலாளி சொல்லிட்டார். ஆலை பேரு புகார்ல வருது, கமிட்டில வருது. இந்தத் தலைவலியே வேணாங்கறார். பொம்பளைங்க அணியைக் கலைச்சாச்சு."

"அவ ஒருத்தியை நிறுத்தினா போதாதா?" என்றாள் கோஹர். "நாங்க என்ன பண்ணோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. நாளைக்கு இன்னொருத்தி மேல ஒருத்தன் எழுதிப் போடுவான். யாரு யாரை அளந்துக்கிட்டு இருக்கறது?"

"ஒப்பந்தம்?"

"ஆட்டக்காரங்களுக்குத்தானே ஒப்பந்தம்."

வெளியே வந்ததும் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சீமீனோடு யாரும் பேசவில்லை. பெயரைக் கொடுத்தது யாரென்று தெரிந்துபோயிருந்ததால் கோஹரோடும் பேசவில்லை. நூஷின் மட்டும் படியில் உட்கார்ந்து அழுதாள். ஃபரங்கீஸ் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். தனக்கும் வேலை போய்விட்டதென்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்த வாரத்தில், மாதக் கூலிக்கும் எடுக்கப்படாத சீமீன் வேலைச் சான்றிதழ் வாங்க ஆலைக்குப் போனாள். தன் பெயரை அவர்கள் எப்படி எழுதியிருப்பார்களோ என்ற பயம் வழியெல்லாம் இருந்தது. சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். விலகிய காரணம் என்ற இடத்தில் 'மருத்துவம்' என்று போட்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் ஆட்டக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஐந்தாறு பெண்கள் முழங்காலில் நின்று கபடி மெத்தைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாதக் கூலிப் பெண்கள். நடுவில் கோஹர் இருந்தாள். இடது கையால் துடைத்தாள். சுவரோரப் பலகையில் பன்னிரண்டு ஆண்கள் புதுப் பனியனோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்களும் குளிர்கிடங்கில் வேலை செய்கிறவர்களும். ஒருவருட ஒப்பந்தம் இப்போது அவர்களுக்கு.

"சீக்கிரம் முடிங்கக்கா," என்றான் ஒருவன், மரியாதையாகவே. "காய்ஞ்சாத்தான் ஆட முடியும்."

துடைத்து முடிந்ததும் காவல்காரன் பெண்களை வெளியே அனுப்பினான். ஆண்கள் ஆடும்போது அவர்கள் உள்ளே நிற்கக் கூடாது. கதவு சாத்தப்பட்டது. கோஹர் அழுக்குத் தண்ணீர் வாளியோடு திரும்பியபோது சீமீனைப் பார்த்தாள்.

உள்ளே யாரோ ஒருவன் பாடிப் போனான். கபடி, கபடி, கபடி. குரல் கோட்டைத் தாண்டி உள்ளே போவதும், வலப்பக்கம் திரும்புவதும், அங்கே தயங்குவதும் கதவுக்கு வெளியே தெளிவாகக் கேட்டன. அந்த மூச்சு அறுபடும்வரை இரண்டு பேரும் நகராமல் நின்றார்கள்.

அதன்பின் கோஹர் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பக் குழாயடிக்குப் போனாள். இன்னும் ஓர் அறை கழுவ வேண்டியிருந்தது. பெண்கள் உடை மாற்றிய அறை. அதன் கதவில் ஒருவன் முக்காலிமேல் நின்று 'ஆண்கள்' என்ற பலகையை ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தான்.