குழாய் கசிந்த பக்கம்

அக்காவும் தங்கையும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததில் அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்காவுக்கு அது தலைவலி. பள்ளிக்கூட நாளிலிருந்தே எதிலும் ஓரடி முன்னால் போய் நிற்பவள் தங்கை. இப்போது வயலிலும் அதே கதை.

பல்கலைக்கழகப் பண்ணையில் இருவரும் வறட்சி தாங்கும் சோளம் வளர்த்தார்கள். ஆளுக்கு ஒரு ரகம், ரகத்துக்கு மூன்று பாத்தி. பூக்கும் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகும் எது கூடுதலாக விளைகிறதோ, அந்த ஒரே ரகம்தான் அடுத்த பருவம் விவசாயிகளின் நிலத்துக்குப் போகும்.

தண்ணீர் நின்றதும் மற்ற பாத்திகளெல்லாம் இலை சுருண்டு நிற்க, தங்கையின் கடைசிப் பாத்தி மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. வந்தவர் போனவரெல்லாம் அதைப் படம் எடுத்தார்கள். ஒட்டினாற்போல் இருந்த அக்காவின் பாத்தியை ஒருவரும் சீந்தவில்லை. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஆளில்லாத ஒரு மதியத்தில் இரண்டு பாத்திக்கும் நடுவே கொத்திப் பார்த்தாள். அடுத்த வயலுக்குப் போகும் குழாய் கசிந்து, தங்கை பக்கம் மண் சேறாகக் கிடந்தது. தன் பக்கமும் தோண்டினாள், வெறும் புழுதி. மனசு குளிர்ந்துபோனது. முடிவு சொல்லும் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கலாம் என்று மண்ணைத் தள்ளி மூடினாள்.

கூட்டத்தில் தங்கை முந்திக்கொண்டாள். “சார், என் கடைசிப் பாத்திய கணக்குல சேக்காதீங்க. அறுவடை முடிஞ்சு தோண்டினேன், என் பக்கம் குழாய் கசிஞ்சிருக்கு. அக்கா பக்கம் நான் பாக்கல. இப்போ உழுதுட்டாங்க.”

பேராசிரியர் மெச்சினார். நேர்மைக்கான பேரையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே என்று அக்கா பல்லைக் கடித்தாள். ஆனால் அந்தப் பாத்தியை விட்டுச் சராசரி பார்த்ததில் அக்காவின் ரகம் முன்னுக்கு வந்திருந்தது.

“உன் பக்கம் தண்ணி வந்துச்சாம்மா?” என்று பேராசிரியர் அவளிடம் கேட்டார்.

வரவில்லை. அதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். சொன்னால், பார்த்தவள் ஏன் மூடி வைத்தாய் என்ற கேள்வி வரும்.

“தெரியாது சார்.”

“தெரியலன்னா அதையும் சேக்க முடியாது.”

அவளுடைய மூன்றில் நன்றாக விளைந்திருந்த அந்தப் பாத்தியையும் அடித்துவிட்டு மறுபடி சராசரி பார்த்தார். தங்கையின் ரகம்தான் தேர்வானது.

வெளியே வந்ததும் தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ பாத்திருந்தா அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருப்பக்கா. நம்ம நேரம், நீயும் பாக்கல.”

அக்கா தலையாட்டினாள். இப்படி நம்பத் தெரிந்தவளைப் பார்த்து அப்போதும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.