சாலை மூடிய ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு வான்னெஸ் காரை எடுத்தான். தெருமுனை வரைக்கும்தான் போக முடிந்தது. சாலைக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பு. அதற்குப் பின்னால், மஞ்சள் மேல்சட்டையும் கையில் சிவப்புக் கொடியுமாகக் கசாப்புக்கடை கஸ்தோன் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"ஏர்போர்ட்டுக்கு அண்ணே. மூன்றரைக்கு ஃபிளைட்."

கஸ்தோன் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காருக்குள் குனிந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஹில்கேயைப் பார்த்தார். அப்புறம் சிரிக்கத் தொடங்கியவர்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை.

"அஞ்சு மணி வரைக்கும் எலி கூட வெளியே போகாது தம்பி. இன்னிக்கு என்ன நாள்னு உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் வேடிக்கை. ஏப்ரல் மாதத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமை, பெரிய சைக்கிள் பந்தயம் எங்கள் ஊரைச் சுற்றிச் சுற்றி வரும். காக்கைக் குன்றின் கல் பாவிய ஏற்றத்தில் மூன்று முறை ஏறி இறங்கும். அந்த வளையத்துக்குள் வீடு இருப்பவர்கள் மூன்றாம் சுற்று முடியும்வரை உள்ளேயேதான். அதனால் சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வைத்துவிடுவோம். இங்கே பேசக் கற்ற குழந்தைக்கும் இது தெரியும். தெரியாதவன் வான்னெஸ் ஒருவன்தான். பதினொரு வருடம் அவன் பந்தயத்துக்குள்ளேயே இருந்தான், பாருங்கள். சனிக்கிழமையே அணியோடு ஓட்டலுக்குப் போய்விடுவான். ஞாயிறு வந்தால் எல்லாச் சாலையும் அவனுக்காகத் திறந்தே கிடக்கும். திறந்த பக்கத்திலேயே இருந்தவனுக்கு, மூடிய பக்கம் ஒன்று இருப்பது எப்படித் தெரியும்?

இரண்டு முறை அந்தப் பந்தயத்தை வென்றவன் அவன். அப்போது எழுபத்தொன்பது கிலோ. கல்லின் மேல் அவன் சைக்கிள் போனால், வண்டி ஆடும். அவன் ஆட மாட்டான். ஆறு மணி நேரம் மழையிலும் சேற்றிலும் முட்டி மோதிவிட்டு, கடைசி இருநூறு மீட்டரில் எல்லாரையும் விட்டுவிட்டுப் போவான். ஒரே நாள், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மறுநாள் கஸ்தோன் கடையில் நின்றுகொண்டே இறைச்சி தின்பான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் புதிய அணி ஒன்று அவனைக் கூப்பிட்டது. இந்த நெஞ்சும் இந்த நுரையீரலும் ஒரு நாள் பந்தயத்துக்கு வீண், பத்து கிலோ குறைத்தால் கோடைக்கால மூன்று வாரப் பந்தயத்தில், மலைகளின் மேல், முதல் ஐந்து பேருக்குள் வரலாம் என்று அணியின் பயிற்சித் தலைவர் தோர்கில் கணக்குப் போட்டுக் காட்டினார். முடியாது என்று ஊரே சொன்னது. காக்கைக் குன்றின் உச்சி வீட்டு மாடி அளவுகூட இராது, அங்கே வளர்ந்தவன் ஆல்ப்ஸ் மலையில் என்ன செய்வான் என்று கேட்டார்கள்.

முடிந்தது. அங்கேதான் சிக்கல். தோற்றிருந்தால் திரும்பி வந்திருப்பான், நாங்களும் தோளில் தட்டிக்கொடுத்திருப்போம். போன கோடையில் ஏழாவதாக வந்தான். வரும் கோடையில் அணிக்கே அவன்தான் தலைவன் என்றார்கள். கல் பாவிய சாலையில் விழுந்து கையை உடைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏப்ரல் பந்தயத்தை அவன் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஹில்கே அரிசியைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டாள். படுக்கை மேல் பிளாஸ்டிக் கூடாரம் ஒன்று வந்தது. உள்ளே உடம்பைப் பழக்க மலை உச்சியில் இருப்பது போன்ற மெல்லிய காற்று, வெளியே மோட்டார் சத்தம். அவன் அதற்குள் தூங்கினான், அவள் பக்கத்து அறையில் தூங்கினாள். இப்போது பயிற்சிக்கு நடுவில் மூன்று நாள் விடுப்பில் வந்திருந்தான். அன்று மாலை தீவில் எரிமலை மேல் இருக்கும் பயிற்சி முகாமுக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாள் தவறினாலும் தலைவன் இடம் அடுத்தவனுக்கு என்று போன மாதமே சொல்லியிருந்தார்கள்.

அவன் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய் வேறு மூன்று பாதைகளில் முயன்றான். மூன்றிலும் தடுப்பு. கடைசியில் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, தோர்கிலுக்கு அழைத்தான். எடுக்கவில்லை. சாலை மூடியிருக்கிறது, இன்று வர முடியாது என்று குரல் பதிவு வைத்தான். வைத்துவிட்டு ஹில்கேயிடம் திரும்பி, "இனி என்ன பண்றது, ஒண்ணும் பண்ண முடியாதே" என்றான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று விடுமுறை விட்ட மாதிரி இருந்தது.

இருவரும் நடந்தே குன்றுக்குப் போனார்கள்.

குன்றில் காலையிலிருந்தே கூட்டம். அவனைக் கண்டதும் வழிவிட்டார்கள், கேலியும் செய்தார்கள். காற்றடித்தால் வேலியைப் பிடித்துக்கொள் என்றான் ஒருவன். அவனுடைய பழைய புகைப்படத்தை எதிர்வீட்டுக் கிழவி எடுத்துக்கொண்டு வந்து இது உன் அண்ணனா என்று கேட்டாள். அவனும் சிரித்தான். யாரோ கையில் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலைத் திணித்தார்கள், மேலே வெள்ளை மயோனைஸ் வழிந்தது. அவன் அதைக் கையில் ஏந்தியபடி நின்றான்.

"சாப்பிடேன்" என்றாள் ஹில்கே.

"இருநூத்திப் பத்து கிராம்."

"என்னது?"

"இது. இருநூத்திப் பத்து இருக்கும்."

பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டான்.

முதல் சுற்று கும்பலாகப் போய்விட்டது, முகம் தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் கொஞ்சம் சிதறியிருந்தார்கள். மூன்றாம் சுற்றுக்கு ஆறு பேர்தான் முன்னால் வந்தார்கள். அதில் லாந்தெர் இருந்தான், ஏழு வருடம் வான்னெஸோடு ஒரே அறையில் தங்கியவன். ஏற்றத்தின் மிகச் செங்குத்தான இடத்தில், கையெட்டும் தூரத்தில், வாயைத் திறந்தபடி, முகமெல்லாம் சேறாக அவன் ஏறினான். கூட்டம் அலறியது. ஹில்கேயும் அலறினாள்.

வான்னெஸ் மட்டும் லாந்தெரின் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தோளை. பிறகு அடுத்தவனின் இடுப்பை. எவ்வளவு கனம் என்று நினைத்தான். எல்லாரும் எவ்வளவு கனமாக இருக்கிறார்கள், இவ்வளவையும் ஏன் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். அப்படி நினைத்த மறுகணம் அவன் கை தானாக வேலிக் கம்பியைப் பிடித்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கனம்தான் அவன். இன்று அந்தக் கும்பலுக்குள் அவனை இறக்கிவிட்டால், முதல் தோள் இடியிலேயே பள்ளத்தில் கிடப்பான். அதை யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது தோர்கில் அழைத்தார். சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டான். அவர் கோபப்படவே இல்லை, சிரித்தார்.

"சாலை மூடியிருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா வான்னெஸ்? போன வாரமே டிக்கெட்டை எட்டரைக்கு மாத்திட்டோம். உன் மனைவிக்கு எழுதினேனே, சரின்னு பதில் போட்டாங்களே."

கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு நின்றான். கூட்டம் கலைந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் ஹில்கே.

"ஏன் சொல்லல?"

"வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா இன்னிக்கு என்ன பண்ணியிருப்ப? அஞ்சு மணி வரைக்கும் கராஜுல கதவைச் சாத்திக்கிட்டு, நகராத சைக்கிள்ல மிதிச்சிருப்ப. ஒரு நாளாவது நீ இங்க வந்து நிக்கணும்னு இருந்துச்சு." கீழே இறங்கும் கூட்டத்தைப் பார்த்தாள். "நின்னுட்டு, போக மாட்டேன்னு நீ சொல்லுவன்னு நெனச்சேன்."

அவள் அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு வருடமாக அரிசி நிறுத்தவள், அவன் மெலிய மெலிய அவன் சட்டைகளைப் பிடித்துத் தைத்தவள். அவளுக்குத்தான் இது வேண்டும் என்று அவன் நினைத்திருந்தான். அவனுக்குத்தான் வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"போகாம இருந்தா எங்க இருக்குறது ஹில்கே?"

"இங்கதான்."

"இங்கயா?" குன்றைக் காட்டினான். "லாந்தெர் ஏறும்போது நான் என்ன பார்த்தேன் தெரியுமா? அவன் எவ்வளவு எடைன்னு பார்த்தேன். ஜெயிப்பானான்னு கூடப் பாக்கல."

ஹில்கே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்த எலும்புக் கையை. அப்படியே இறங்கினார்கள்.

ஐந்து மணிக்குக் கஸ்தோன் தடுப்பை ஓரத்தில் சாய்த்து வைத்தார். லாந்தெர் இரண்டாவது என்று செய்தி வந்திருந்தது. அவர் பலமாகவே குடித்திருந்தார். ஹில்கே ஓட்டி வந்த காரின் கூரையைத் தட்டி நிறுத்தினார்.

"அடுத்த வருஷம் நீ இருந்தா அது முதல் இடம்டா. வருவல்ல?"

"பாக்கலாம் அண்ணே."

"பாக்கலாம்னா என்ன? வருவேன்னு சொல்லு."

வான்னெஸ் வாயைத் திறந்தான். ஹில்கே கியரை மாற்றினாள், கார் நகர்ந்தது, பேச்சு அத்தோடு போயிற்று.

ஊரெல்லைக்கு வெளியே, பந்தயம் பார்த்துவிட்டுத் திரும்பும் வண்டிகள் இரண்டு மைலுக்கு அடைத்துக்கொண்டு நின்றன. முன்னும் பின்னும் கார், பேருந்து, கொடி கட்டிய வேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பத்தடி நகர்ந்தன. ஹில்கே அவசரப்படவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, ஆறு மணியாகட்டும், ஏழாகட்டும் என்பது போல உட்கார்ந்திருந்தாள். அவள் இன்னும் காத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டியைத் திருப்பிவிடுவாள்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தே முக்கால். திரும்பவும் பார்த்தான்.

"அந்தப் பண்ணை வழியா இடது பக்கம் திரும்பு" என்றான். "அந்த வழியில போனா நேரத்துக்குப் போயிடலாம்."

ஹில்கே ஒரு நொடி அவனைப் பார்த்தாள். பிறகு இடது பக்கம் திருப்பினாள்.