நல்லசாமி வீட்டுத் துக்கம்

பாலனுக்குப் புத்தி எங்கேதான் போயிற்றோ! லீவு கேட்கக் காய்ச்சல், வயிற்றுவலி என்று ஊர்ப்பட்ட காரணம் இருக்க, ராவாங் தொழிற்சாலையில் "அப்பா தவறிட்டாரு" என்று சொல்லிவிட்டு சிங்கப்பூருக்குப் பஸ் ஏறினான். அங்கே கப்பல் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. வீட்டில் சொன்னது ஓவர்டைம். பட்டறைக்காரன் அவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டான். இனி ராவாங் வேலையை விட்டால் வேறு கதி இல்லை.

ஞாயிறு மத்தியானம் கோலா சிலாங்கூரில் பஸ் மாறி தோட்டத்தில் வந்து இறங்கினால், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் ஒரு வேன் நிற்கிறது. குழாயடியிலிருந்து ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா.

"அட பாவி! ஒன் கம்பெனி ஆளுங்க அரிசி, சீனி எல்லாம் தூக்கிக்கிட்டுத் துக்கம் கேக்க வந்துருக்காங்கடா. ஃபோர்மேனும் வந்துருக்காரு."

"அப்பா?"

"அவருதான் வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு. அவரு கையையே புடிச்சுக்கிட்டு, பாலனோட அப்பா எப்படித் தவறினாருன்னு கேட்டாங்க. மனுசன் கொஞ்ச நேரம் முழிச்சாரு. அப்புறம், 'நான் பாலனுக்குச் சித்தப்பா, அண்ணன நேத்தே அடக்கம் பண்ணிட்டோம்'னுட்டாரு. ஒன் வேல போயிருமேன்னுதான். லயத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கல, போ!"

வருவார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, மடையன். மெஷினுக்கு முன்னால் நின்றாலும் அவர்களும் ஏதோ ஒரு லயத்தில் பிறந்தவர்கள்தானே. சாவு என்று காதில் விழுந்தபின் போகாமல் இருப்பார்களா?

உள்ளே நுழைந்ததும் ஃபோர்மேன் சிவானந்தம் அவனைக் கட்டிக்கொண்டார். "மனசத் தேத்திக்க தம்பி. எங்கப்பா போனப்ப தோட்டமே வந்து நின்னுச்சு. ஒனக்கு நாங்க இல்லியா? காரியம் முடிச்சிட்டு மெதுவா வா லா."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

"வாப்பா, சித்தப்பா இருக்கேன்ல" என்று நல்லசாமி எழுந்து வந்தார். மகனின் தோளில் கைபோட்டு, காதோடு சொன்னார்: "அழுடா. பாக்குறாங்க."

எங்கிருந்து அழுகை வரும்? வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது, கண் மட்டும் காய்ந்து கிடந்தது. அதற்குள் அடுப்படியிலிருந்து காப்பித் தட்டோடு அம்மா நல்லம்மாள் வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. தலையில் பூ இல்லை. தாலியை ரவிக்கைக்குள் தள்ளி, முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கட்டின புருசன் கண்ணெதிரே கல்லுமாதிரி நிற்க, அவள் தாலியறுத்தவளாக வந்து நின்றாள்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. "வெயில்ல வந்துருக்க, குடி" என்று குவளையை நீட்டினாள்.

பாலன் அவள் காலடியில் விழுந்து, வீடே அதிரக் கதறினான்.

"பாவம்," என்றார் சிவானந்தம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்பா மேல உசிரையே வச்சிருந்தான் போல."